ஹேண்டில் ஆடினால் எது சரி: கிரீஸா, புது பேரிங்கா, முழு மாற்றமா?

முன் பிரேக் பிடித்தால் ஹேண்டிலுக்குக் கீழே 'டக்' என்று ஒரு சத்தம். இல்லாவிட்டால், ஹேண்டிலைத் திருப்பும்போது நட்ட நடுவில் ஓர் இடத்தில் பிடித்துக்கொண்டு, பிறகு விடுகிறது. சிங்கப்பூர் மழையிலும் வெயிலிலும் சில வருடம் ஓடிய சைக்கிளுக்கு இந்த இரண்டில் ஒன்று வராமல் இருப்பதுதான் அதிசயம். கடைக்குக் கொண்டுபோனால் ஒருவர் கிரீஸ் போட்டால் போதும் என்பார். இன்னொருவர் ஹெட்செட்டையே, அதாவது ஹேண்டில் திரும்புவதற்காகச் சட்டத்தின் முன்குழாயில் மேலும் கீழும் இருக்கும் பேரிங் தொகுதியையே, மாற்றச் சொல்வார். மூன்றாமவர் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கையும் சேர்த்துக் கழற்றிப் போட்டுவிட்டுப் புது மாதிரிக்கு மாறச் சொல்வார். மூவர் சொல்வதும் ஏதோ ஒரு சைக்கிளுக்குப் பொருந்தும். நம் சைக்கிளுக்கு எது என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டு உபயோக சைக்கிளுக்குக் கீழ் பேரிங்கைச் சரியாகப் பார்த்துவிட்டாலே முக்கால்வாசி வேலை முடிந்தது. முழு மாற்றம் என்பது பெரும்பாலும் ஆசைக்குச் செய்வது, தேவைக்கு அல்ல.

காசு செலவழிப்பதற்கு முன்னால் ஆட்டம் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னுமாக அசையுங்கள். அதே நேரத்தில் இன்னொரு கையின் விரல்களைச் சட்டத்தின் முன்குழாயும் ஃபோர்க்கும் சேரும் கீழ் இடுக்கில் வையுங்கள். விரலுக்குக் கீழே அசைவு தெரிந்தால் ஹெட்செட் தளர்ந்திருக்கிறது. அங்கே அசைவு இல்லாமல் சத்தம் மட்டும் வந்தால், அது பிரேக் கட்டையின் ஆட்டமாக இருக்கலாம். முன்சக்கரத்தைப் பக்கவாட்டில் முழுவதும் திருப்பி வைத்து மறுபடி அசைத்துப் பார்த்தால் இந்தச் சந்தேகம் தீரும். அசைவு இன்னும் மேலே, ஹேண்டிலை ஃபோர்க்கோடு இணைக்கும் ஸ்டெம்மிலோ மடக்கு சைக்கிளின் மடிப்பு மூட்டிலோ இருந்தால் கதையே வேறு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அப்புறம் முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டிலை ஒரு விரலால் மெதுவாகத் தள்ளுங்கள். நேராக நிற்கும் இடத்தில் குழிக்குள் விழுந்ததுபோல் நின்றால், பேரிங் பாதையில் பள்ளம் விழுந்துவிட்டது. எங்கும் நிற்காமல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறுக்கமாக இருந்தால், யாரோ அளவுக்கு மீறி முடுக்கியிருக்கிறார்கள் அல்லது கிரீஸ் காய்ந்து பசையாகியிருக்கிறது. கேபிள் குட்டையாக இருந்தாலும் ஹேண்டில் இழுக்கும். டயரில் காற்று குறைந்தாலும் கனக்கும். இந்த இரண்டையும் பார்க்காமல் ஹெட்செட்டைக் கழற்றுவது வீண் வேலை.

போன மாதம் கிராஞ்சி பக்கம் விடுதியில் இருக்கும் தம்பி ஒருவர் தன் சைக்கிளைக் காட்டினார். "அண்ணே, நேரா போகவே மாட்டேங்குதுண்ணே, பாம்பு மாதிரி நெளியுது" என்றார். சக்கரம் கோணலாகிவிட்டது என்பது அவர் நினைப்பு. தூக்கிப் பார்த்தால் ஹேண்டில் நடுவில் கப்பென்று நின்றது. கழற்றியதும் கீழ் கப்பில் (பேரிங் அமரும் கிண்ணத்தில்) பால்ஸ், அதாவது பேரிங் குண்டுகள், உட்காரும் வளையம் முழுக்கத் துருப்பொடி கலந்த பழுப்புச் சேறு. துடைத்துவிட்டு வளையத்தின் மேல் நகத்தை ஓட்டினால் ஒவ்வொரு பள்ளமும் வரிசையாகத் தட்டியது. நாம் நேராகப் போகும்போது ஹேண்டில் நம்மை அறியாமலே சிறிது சிறிதாகத் திரும்பிச் சமநிலை தேடிக்கொண்டே இருக்கும். பள்ளம் அந்தச் சின்ன அசைவைத் தடுக்கிறது. நாம் கொஞ்சம் அதிகமாகத் தள்ளுகிறோம், அது தாண்டிப் போகிறது, மறுபடி இழுக்கிறோம். நெளிவது அதனால்தான்.

பள்ளம் ஏன் விழுகிறது? சக்கரத்தின் பேரிங் முழுச் சுற்றும் சுற்றுகிறது, அதனால் கிரீஸ் திரும்பத் திரும்பப் பரவுகிறது. ஹெட்செட் பேரிங் அப்படி இல்லை. ஓட்டும் நேரத்தில் பெரும்பகுதி சில பாகைக்குள்தான் அசைகிறது. பால்ஸ் ஒரே இடத்தில் நின்றபடி தரையின் அதிர்வை எல்லாம் வாங்குகிறது, அதற்கு அடியில் இருக்கும் கிரீஸ் பிதுங்கி வெளியே போய்விடுகிறது, பிறகு இரும்போடு இரும்பு உரசுகிறது. சுமையின் பெரும்பங்கைத் தாங்குவது கீழ் பேரிங். முன்சக்கரம் வாரி அடிக்கும் தண்ணீர் நேராகப் போய்ச் சேர்வதும் அதே இடம். இங்கே வருடத்துக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை. ஈஸ்ட் கோஸ்ட் பக்கம் ஓட்டுபவர்களுக்கு உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. வீவக அடுக்குமாடி வீட்டுக் காரிடாரில் நிறுத்தி வைத்தாலும் சாரல் விடாது. மேல் பேரிங் பளபளவென்று இருக்க, கீழ் பேரிங் மட்டும் நாசமாகிக் கிடப்பது சாதாரணக் காட்சி.

சரி, முதல் வழி: கழற்றிச் சுத்தம் செய்து, பால்ஸ் மாற்றி, கிரீஸ் போடுவது. ஃபோர்க் குழாயின் மேல்முனை மரையில் நட்டு போட்டு இறுக்கும் பழைய மாதிரி, மரையுள்ள ஹெட்செட்டுக்கு இதுதான் இயல்பான வைத்தியம். செலவு மிகக் குறைவு. பெரும்பாலான ஹெட்செட்டில் 5/32 அங்குல பால்ஸ்தான் இருக்கும். ஆனாலும் பழையதில் ஒன்றைக் கடைக்கு எடுத்துப்போய் அளந்து வாங்குங்கள், பழையதும் புதியதும் கலக்காதீர்கள். கூண்டில் கோத்த பால்ஸாக இருந்தால் கழற்றும்போதே எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. தலைகீழாகப் போட்டால் கூண்டின் தகடு உரசும், ஹேண்டில் கனக்கும்.

இதில் ஒரு பழைய வித்தை இருக்கிறது. பள்ளம் லேசாக விழுந்திருந்தால், கூண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு உதிரி பால்ஸை நிரப்புங்கள். ஒன்றிரண்டு பால்ஸுக்கு இடம் விட்டு நிரப்பினால் போதும். கூண்டில் இருந்ததைவிட எண்ணிக்கை கூடும். பால்ஸ் பழைய பள்ளங்களில் ஒரே நேரத்தில் உட்கார முடியாது, அதனால் சிக்கல் குறையும். நிரந்தரத் தீர்வு இல்லை என்றாலும், தம்பியின் சைக்கிளுக்கு இதைத்தான் செய்தோம். வேலைக்குப் போய்வர இன்னும் கொஞ்ச காலம் ஓட வேண்டிய பழைய வண்டிக்கு இதற்கு மேல் செலவு செய்வதில் அர்த்தமில்லை.

கிரீஸ் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். படகுகளுக்குப் போடும் தண்ணீர் தாங்கும் கிரீஸை வாங்கி, பிதுங்கும் அளவுக்கு அப்புங்கள். பழைய டியூபிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வளையம் வெட்டி, ஃபோர்க்கை மாட்டுவதற்கு முன்பே முன்குழாயின் கீழ்முனையில் ஏற்றி வைத்துக்கொண்டு, எல்லாம் பூட்டிய பிறகு இடுக்கின் மேல் இழுத்து மூடிவிட்டால் தண்ணீர் உள்ளே போவது வெகுவாகக் குறையும். அதைவிட நல்லது முன்சக்கரத்துக்கு மட்கார்டு. அழகு போய்விடும் என்று மட்கார்டைக் கழற்றி வைப்பவர்கள்தான் ஹெட்செட்டுக்கு அடிக்கடி காசு கொடுக்கிறார்கள். உயர் அழுத்தத் தண்ணீர்க் குழாயால் சைக்கிள் கழுவும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், அது கிரீஸையே அடித்து வெளியே தள்ளும்.

பூட்டுவதில்தான் கைப்பக்குவம். மேல் கப்பைக் கையால் ஆட்டம் போகும்வரை இறுக்கி, ஒரு துளி பின்னால் திருப்பி, அதை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு பூட்டு நட்டை இன்னொரு ஸ்பேனரால் முடுக்க வேண்டும். நட்டு இறுகும்போது கப் இன்னும் கொஞ்சம் அழுந்தும் என்பதால்தான் அந்த ஒரு துளி. ஃபோர்க் குழாயின் விட்டத்தை வைத்துச் சொல்லும் 1 அங்குல ஹெட்செட்டுக்குப் பொதுவாக 32 மில்லிமீட்டர், 1 1/8 அங்குலத்துக்கு 36 மில்லிமீட்டர் ஸ்பேனர். ஸ்க்ரூ டிரைவரை வைத்துச் சுத்தியலால் தட்டி முடுக்கும் கடை என்றால் சைக்கிளைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

இரண்டாவது வழி: கார்ட்ரிட்ஜ் பேரிங். பால்ஸ், பாதை, ரப்பர் மூடி எல்லாம் ஒரே வளையமாக வரும். தேய்ந்தால் வளையத்தையே மாற்றலாம், சட்டத்தில் இருக்கும் கப்புக்குச் சேதமில்லை. நம் ஊர் மழைக்கு இதுவே தோது என்பேன், ஆனால் ரப்பர் மூடி இருக்கிறது என்று நம்பி மறந்துவிடக் கூடாது. அந்த மூடி மெல்லியது. தூசி தடுக்கும், தண்ணீரை ஓரளவுதான் தடுக்கும். வருடத்துக்கு ஒருமுறை ஃபோர்க்கை இறக்கி, மூடியின் உள்விளிம்பை ஒரு மெல்லிய கத்தியால் நெம்பி எடுத்து, கிரீஸ் வைத்து மூடினால் ஆயுள் கூடும்.

உங்கள் சைக்கிளில் ஏற்கெனவே கார்ட்ரிட்ஜ் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், பேரிங்கை மட்டும் மாற்றுங்கள். பெரும்பாலும் கையாலேயே எடுத்துக் கையாலேயே வைக்கலாம். வாங்கும் முன் வளையத்தின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் எண்ணைத் துடைத்துக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெளிவிட்டம் 41 மில்லிமீட்டரும் 41.8 மில்லிமீட்டரும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். ஆனால் முதல் வகையில் உள், வெளி விளிம்புகளின் சரிவுக்கோணம் பெரும்பாலும் 36, 45 பாகை, இரண்டாவதில் 45, 45 பாகை. மாற்றிப் போட்டால் முடுக்க முடுக்க ஆட்டம் போகாது.

பழைய மரை ஹெட்செட்டை எடுத்துவிட்டு கார்ட்ரிட்ஜ் வகைக்கு மாறுவது கொஞ்சம் பெரிய வேலை. மரை ஃபோர்க்குக்கே கார்ட்ரிட்ஜ் ஹெட்செட் கிடைக்கிறது, அதனால் ஃபோர்க்கைத் தொட வேண்டியதில்லை. சிக்கல் அளவில் வரும். 1 அங்குல வகையிலேயே இரண்டு அளவு உண்டு. பன்னாட்டு அளவில், ஃபோர்க்கில் கீழ் கோன் (கீழ் பேரிங்கைத் தாங்கும் வளையம்) உட்காரும் இடம் 26.4 மில்லிமீட்டர், சட்டத்தில் கப் இறங்கும் பாகம் 30.2 மில்லிமீட்டர். ஜப்பானிய அளவில் இவை 27.0, 30.0. ஆசியாவில் செய்த பழைய சைக்கிள்கள் பலவற்றில் ஜப்பானிய அளவே இருக்கும். ஒன்றுக்கு மற்றது தளரும் அல்லது ஏறவே ஏறாது. வெர்னியர் அளவுகோல் வைத்து அளக்காமல் இணையத்தில் வாங்குவது சூதாட்டம். இப்போது வரும் ஹெட்செட்டுகளின் பெட்டியில் இசி34/28.6, இசட்எஸ்44/28.6 என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். இசி என்றால் கப் வெளியே தெரியும் வகை, இசட்எஸ் என்றால் சட்டத்துக்குள் அமுங்கிய வகை. முதல் எண் சட்டத் துளையின் விட்டம், இரண்டாவது ஃபோர்க் குழாயின் விட்டம். இந்த எண்கள் தெரிந்தால் கடைக்காரரிடம் பேச்சு சுருங்கிவிடும்.

கப்பைச் சட்டத்தில் நேராக அழுத்தி இறக்க அதற்கான கருவி வேண்டும். நீள மரைக்கம்பியும் வாஷர்களும் வைத்து வீட்டில் செய்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை, ஆனால் கோணலாக இறங்கினால் சட்டத்தின் வாயே போய்விடும். இந்த ஒரு வேலைக்குக் கடைக்கூலி கொடுப்பது புத்திசாலித்தனம், கூலி பாகத்தின் விலையை எட்டினாலும்.

மூன்றாவது வழிக்கு வருவோம்: மரையில்லாத ஹெட்செட்டுக்கு முழுசாக மாறுவது. 1990களின் தொடக்கத்தில் மலை சைக்கிள்களில் பரவத் தொடங்கிய இந்த முறைதான் இன்று புது சைக்கிள்களில் பெரும்பாலும் இருக்கிறது. நல்ல முறைதான், மறுக்கவில்லை. பெரிய ஸ்பேனர் தேவையில்லை, இரண்டு ஆலன் கீ இருந்தால் பூங்கா இணைப்புப் பாதையில் நின்றபடியே ஆட்டத்தை எடுத்துவிடலாம். ஸ்டெம் போல்ட்டுகளைத் தளர்த்து, மேல் மூடியின் போல்ட்டை ஆட்டம் போகும்வரை மட்டும் முடுக்கு, ஹேண்டிலை நேராக்கு, ஸ்டெம்மை இறுக்கு. ஸ்டெம்மைத் தளர்த்தாமல் மேல் மூடியை மட்டும் முடுக்கிக்கொண்டே இருந்தால் எதுவும் நடக்காது, போல்ட்தான் போகும். ஸ்டெம் போல்ட்டுக்கு 5 நியூட்டன் மீட்டர் என்பது பரவலான அளவு, ஆனால் ஸ்டெம்மிலேயே பொறித்திருக்கும் எண்ணுக்குத்தான் முதல் மரியாதை.

ஆனால் மரை வகையிலிருந்து இதற்கு மாற ஃபோர்க், ஹெட்செட், ஸ்டெம் மூன்றும் புதிதாக வேண்டும், கூடவே கூலி. சந்தைக்குப் போகும் இரும்பு சைக்கிளுக்கு இதைச் செய்தால் வண்டியின் மதிப்பைத் தாண்டிவிடும். பணம் மட்டுமில்லை. ஃபோர்க் பழையதைவிட 1 சென்டிமீட்டர் நீளமாக இருந்தாலே முன்குழாயின் சாய்வு ஏறக்குறைய அரை பாகை மாறும். ஹேண்டில் திரும்பும் விதமே வேறாகும், மெதுவாகப் போகும்போது ஒரு பக்கம் சாய்ந்து விழப் பார்க்கும். ஹேண்டிலைச் சரிசெய்யப் போய் வேறு ஹேண்டில் வாங்கிவந்த கதையாகிவிடும். பழைய ஃபோர்க்கின் மரைப் பகுதியின் மேலேயே புது ஸ்டெம்மை இறுக்குவது இன்னும் மோசம், செய்யவே கூடாது.

புது மாதிரி ஸ்டெம் வேண்டும், ஹேண்டிலைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் நடுவழி ஒன்று இருக்கிறது. 1 அங்குல மரை ஃபோர்க்குக்குள் இறங்கும் 22.2 மில்லிமீட்டர் தண்டும், மேலே 28.6 மில்லிமீட்டர் குழாயும் கொண்ட மாற்றுத்தண்டு. ஹெட்செட்டைத் தொடாமலே ஸ்டெம் மாறிவிடும். தண்டில் போட்டிருக்கும் குறைந்தபட்சக் கோடு வெளியே தெரியக் கூடாது. மாட்டும்போது கிரீஸ் தடவ மறந்தால், இந்த ஈரக்காற்றில் அலுமினியத் தண்டு இரும்புக் குழாயோடு ஒட்டிக்கொண்டு, பிறகு யாராலும் எடுக்க முடியாமல் போகும். மூன்றாவது வழியில் போக நினைப்பவர்களில் பலருக்கு இது போதும் என்பது என் எண்ணம்.

மடக்கு சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. மடக்கினால் 120க்கு 70க்கு 40 சென்டிமீட்டருக்குள் அடங்கும் சைக்கிளை எம்ஆர்டி ரயிலிலும் பஸ்ஸிலும் கொண்டுபோகலாம் என்பதால் இங்கே அவை நிறைய. அவற்றில் ஹேண்டில் ஆடினால் முதல் சந்தேகம் ஹெட்செட் மேல் வரக் கூடாது, ஹேண்டில் தண்டின் மடிப்பு மூட்டின் மேல் வர வேண்டும். மூட்டைத் தொட்டுக்கொண்டு ஹேண்டிலை அசைத்தால் தெரிந்துவிடும். பூட்டும் கொக்கியில் ஒரு சிறிய சரிசெய்யும் போல்ட் இருக்கும், அதைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பிப் பாருங்கள். கொக்கியை உள்ளங்கையால் நன்றாக அழுத்தினால்தான் மூட வேண்டும், விரலால் மூடினால் தளர்வு. மூட்டைச் சுற்றிய வெல்டிங்கில் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு தெரிந்தாலும் சரிசெய்யும் பேச்சே வேண்டாம், தண்டையே மாற்றுங்கள்.

மின்-ஸ்கூட்டரில் இது இன்னும் கூர்மையாகும். மடிப்பு மூட்டின் உயரம் 5 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அங்கே அரை மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால், ஒரு மீட்டர் மேலே இருக்கும் கைப்பிடியில் அது 10 மில்லிமீட்டர் ஆகிவிடும். சக்கரமும் சிறியது, மேடுபள்ளத்தை விழுங்காது. 2019 ஜூனில் ஷியோமி நிறுவனம் எம்365 ஸ்கூட்டரில் 10,257 வண்டிகளைத் திரும்பப் பெற்றது. மடிப்பு மூட்டில் ஒரு திருகு தளர்ந்தால் ஓடும்போதே தண்டு முறியலாம் என்பதே காரணம். அதனால் ஸ்கூட்டரில் வழிகள் இரண்டுதான். திருகுகளை முடுக்கி, தேய்ந்த ரப்பர் அல்லது புஷ்ஷை மாற்றுவது ஒன்று. ஆட்டம் அப்போதும் போகாவிட்டால் மூட்டையே அதே தயாரிப்பின் உதிரியாக வாங்கி மாற்றுவது இன்னொன்று. தகட்டுத் துண்டைச் செருகி ஆட்டத்தை மறைப்பது ஆபத்தை மறைப்பது. அகல ஹேண்டில், கூடுதல் தண்டு என்று மாற்றுபவர்களும் கவனிக்க வேண்டும்: பொதுப் பாதையில் ஓடும் ஸ்கூட்டர் 70 சென்டிமீட்டர் அகலத்தையும் 20 கிலோ எடையையும் தாண்டக் கூடாது. 2019 நவம்பர் 5 முதல் நடைபாதையில் ஓட்டவே கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

சாய்ந்தால் திரும்பும் மூன்று சக்கரக் குழந்தை ஸ்கூட்டரில் ஹெட்செட்டே கிடையாது. அதில் மேம்படுத்த எதுவும் இல்லை, குழந்தை வளர்ந்ததும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடலாம்.

முன்னால் கூடையோ குழந்தை இருக்கையோ வைத்து ஓட்டுபவர்கள் ஃபோர்க்குக்கும் சட்டத்துக்கும் நடுவே மாட்டும் ஸ்டியரிங் ஸ்பிரிங்கைப் பற்றிக் கேட்கிறார்கள். நிறுத்தி வைக்கும்போது முன்சக்கரம் சுமையோடு மடங்கி விழாமல் அது பிடித்துக்கொள்ளும், குறைந்த செலவில் நல்ல நிம்மதி. குழந்தையை ஏற்றும்போது இதன் அருமை தெரியும். பேரிங் ஆட்டத்துக்கோ பள்ளத்துக்கோ அது மருந்து ஆகாது, ஆகவே ஹெட்செட்டைச் சரிசெய்த பிறகு மாட்டுங்கள்.

புது ஹெட்செட் எதைப் போட்டாலும் முதல் சில ஓட்டங்களில் கப் இன்னும் சரியாக உட்கார்ந்து, லேசாகத் தளரும். கடையில் குறை இல்லை, அது இயல்பு. ஒரு வாரம் கழித்து முன் பிரேக்கைப் பிடித்து அதே சோதனையைச் செய்து, ஆட்டம் தெரிந்தால் ஒருமுறை முடுக்கிக்கொள்ளுங்கள். நல்ல கடைக்காரர்கள் இதற்குக் காசு கேட்பதில்லை.